கோலார் சுரங்கக் காற்றும் காரின் ஆட்டோ ஏசியும்

காரில் ஏறி 24 என்று வைத்துவிட்டால் போதும், மற்றதையெல்லாம் வண்டியே பார்த்துக்கொள்ளும். ஆட்டோ ஏசியை விற்கும்போது தரப்படும் வாக்குறுதி இதுதான். பெரிய வண்டிகளுக்கே உரியதாக இருந்த இந்த வசதி இன்று நடுத்தரக் குடும்பம் வாங்கும் சிறிய கார்களிலும் வந்துவிட்டது. கூடவே முணுமுணுப்பும் வந்துவிட்டது. ஏறியதும் ஃபேன் புயலாக இரைகிறது. கொஞ்சம் குறைத்தால் ‘ஆட்டோ’ விளக்கு அணைந்துபோகிறது. முன்னால் இருப்பவர் சால்வையைத் தேடுகிறார், பின்னால் இருப்பவர் கைக்குட்டையால் விசிறிக்கொள்கிறார். மழை நாளில் 24 வைத்தால் புழுங்குகிறது. மார்கழிக் காலையில் அதே 24 சூடான காற்றை ஊதுகிறது. சர்வீஸுக்கு விட்டால் கம்ப்யூட்டரைப் பொருத்திப் பார்த்துவிட்டு, கோளாறு ஒன்றும் இல்லை என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். அவர்கள் சொல்வது பெரும்பாலும் உண்மைதான். கருவி தனக்கு இட்ட வேலையைச் சரியாகவே செய்கிறது. ஆனால் அது நம்மிடம் கேட்டு வாங்குவது வெப்பநிலை என்ற ஒரே ஓர் எண்ணை. மனித உடலுக்கு எது இதம் என்பதை அந்த ஓர் எண்ணுக்குள் அடக்க முடியாது. இந்தப் பாடத்தை நம் நாட்டில் முதலில், அதுவும் பெரும் விலை கொடுத்துக் கற்ற ஊர்களில் ஒன்று, தமிழர்கள் நிறைந்து வாழும் கோலார் தங்கவயல்.

லண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் தங்கம் எடுக்க 1880 வாக்கில் தங்கவயலில் கால் வைத்தது. வட ஆற்காடு, சேலம், சித்தூர் பக்கங்களிலிருந்து வந்த உழைப்பாளிகள், பெரும்பாலும் தலித் மக்கள், பாறையைக் குடைந்து கீழே இறங்கினார்கள். 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து காவிரி மின்சாரம் வந்த பிறகு ஆழம் இன்னும் வேகமாகக் கூடியது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் கடைசியில் ஏறத்தாழ 3,200 மீட்டர் வரை போயிற்று. ஊர் இருப்பதோ கடல் மட்டத்திலிருந்து சுமார் 850 மீட்டர் உயரத்தில், காற்று இதமாக வீசும் மேட்டுநிலத்தில். வெள்ளைக்கார அதிகாரிகள் அதன் தட்பவெப்பத்துக்காகவே அதைக் குட்டி இங்கிலாந்து என்று அழைத்தார்கள். அந்த இதமான காற்றைத்தான் கீழே அனுப்ப வேண்டும். அனுப்பினால் என்ன ஆகும்? உலர்ந்த காற்று ஒவ்வொரு கிலோமீட்டர் இறங்கும்போதும் மேலிருக்கும் காற்றின் எடையால் அமுங்கி, ஏறத்தாழ 10 டிகிரி சூடாகிவிடும். பாறையைத் தொடாமலேயே ஏறும் சூடு இது. பிறகு பாறையின் சூடு. அடியாழத்தில் அது 65 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருந்தது. நிற்கிற இடத்தின் சுவரே உடம்பைவிடச் சூடாக இருந்தால், அந்தச் சுவர் உடம்பின் மீது வெப்பத்தை வீசிக்கொண்டே இருக்கும். மூன்றாவதாகத் தண்ணீர். துளை போடும்போது கிளம்பும் சிலிக்காத் தூள் நுரையீரலைத் தின்றது. தூளை அடக்கத் தண்ணீர் பீய்ச்சினார்கள். தூள் அடங்கியது, ஈரப்பதம் ஏறியது. ஈரம் நிறைந்த காற்றில் வியர்வை உலராது. வியர்வை உலராவிட்டால் உடம்பு தன்னைக் குளிர்விக்க இருக்கும் முக்கியமான வழியே அடைபட்டுப் போகிறது.

பிரேசிலின் மோரோ வெல்யோ தங்கச் சுரங்கம் 1920களின் தொடக்கத்திலேயே காற்றைத் தரைக்கு மேலேயே குளிரூட்டி உள்ளே அனுப்பிப் பார்த்திருந்தது. தங்கவயலுக்கு இந்த ஏற்பாடு 1930களில் வந்தது. நம் நாட்டில் பெரிய வீடுகளிலும் சினிமாக் கொட்டகைகளிலும் கூட ஏசி அரிதாக இருந்த காலம் அது. ஆனால் பொறியாளர்களுக்குச் சீக்கிரமே ஒன்று புலப்பட்டது. ஷாஃப்ட் எனும் இறங்குகுழியின் வாயில் அளக்கும் எண்ணுக்கும், மூன்று கிலோமீட்டர் கீழே குனிந்து துளை போடுகிறவரின் உடம்புக்கும் இடையே எவ்வளவோ நடந்துவிடுகிறது. குளிர்ந்து இறங்கிய காற்று வழியெல்லாம் சூடேறுகிறது. கைவிடப்பட்ட குடைவுகளுக்குள் கசிந்து வீணாகிறது. வேலை நடக்கும் முகப்புக்கு வரும்போது அதன் வேகம் தளர்ந்துவிடுகிறது. ஆகவே கதவு போட்டும் தடுப்புச் சுவர் எழுப்பியும் காற்றுக்கு வழி வகுக்க வேண்டியிருந்தது. எங்கே ஆள் நிற்கிறாரோ அங்கேயே போய் அளக்கவும் வேண்டியிருந்தது. எதை அளப்பது என்பதிலும் தெளிவு வந்தது. சாதாரண வெப்பமானியின் குமிழை ஈரத்துணியால் சுற்றிக் காற்றில் சுழற்றினால், துணியின் ஈரம் உலர்ந்து குமிழ் குளிரும். அப்போது அது காட்டும் ஈரக்குமிழ் வெப்பநிலைதான், அந்த இடத்தில் வியர்வை ஒரு மனிதனை எந்த அளவுக்குக் குளிர்விக்கும் என்பதைச் சொல்லும். காற்று உலர்ந்திருந்தால் 40 டிகிரியிலும் நிழலில் நின்று வேலை பார்த்துவிடலாம். ஈரக்குமிழே 35 டிகிரியைத் தொட்டுவிட்டால் சும்மா உட்கார்ந்திருப்பவரின் உயிருக்கும் ஆபத்து.

1940களில் கேப்லான், லிண்ட்சே என்ற இருவர், ஆழ்சுரங்கத் தொழிலாளர்கள் மீது அதிவெப்பம் என்ன செய்கிறது என்று இந்தச் சுரங்கங்களிலேயே சோதித்துக் கட்டுரை வெளியிட்டார்கள். ஈரமும் சூடும் கூடக் கூட, ஒரே ஆள் ஒரே நேரத்தில் செய்யும் வேலை சரிந்துகொண்டே போகிறது என்பது அதன் சாரம். கட்டுரையின் தலைப்பில் இருந்தது தொழிலாளரின் நலம் அல்ல, அவருடைய ‘செயல்திறன்’ என்பதையும் சொல்லிவிட வேண்டும்; கம்பெனி எதற்காகக் கவலைப்பட்டது என்பதில் ஐயமில்லை. நோக்கம் எதுவானாலும் அறிவு அறிவுதான். அத்தகைய அறிவு சட்டத்திலும் ஏறியது. இந்தியாவின் 1961ஆம் ஆண்டு உலோகச் சுரங்க ஒழுங்குமுறைகள், வேலை நடக்கும் இடத்தில் ஈரக்குமிழ் வெப்பநிலை 33.5 டிகிரியைத் தாண்டக் கூடாது என்கின்றன. 30.5 டிகிரியைத் தாண்டினால், அங்கே காற்று விநாடிக்கு ஒரு மீட்டருக்குக் குறையாத வேகத்தில் ஓட வேண்டும் என்றும் சொல்கின்றன. இந்த விதியில் சாதாரண வெப்பமானி காட்டும் எண் எங்குமே இல்லை. ஈரம் இருக்கிறது, காற்றின் வேகம் இருக்கிறது. காரின் திரையில் இருப்பதோ அந்தச் சாதாரண எண் மட்டும்.

அந்தத் திரைக்குப் பின்னால் நடப்பது எளிமையானதுதான். டாஷ்போர்டில் ஸ்டியரிங்குக்கு அருகே சிறு துளைகள் கொண்ட ஒரு மூடி இருக்கும். அதன் வழியாகக் காருக்குள் இருக்கும் காற்றைக் கொஞ்சம் உறிஞ்சி ஒரு சென்சார் அளக்கிறது. முன் பம்பருக்குப் பின்னால் இன்னொன்று வெளிக் காற்றை அளக்கிறது. முன் கண்ணாடிக்கு அடியில் மிளகளவு கறுப்புப் புள்ளியாக இருப்பது வெயிலை அளப்பது. குளிர்க்கருவி உறைந்துவிடாமல் பார்க்க உள்ளே மற்றொன்று. இவை தரும் கணக்கை வைத்து, குளிர்ந்த காற்றில் எவ்வளவு சூடான காற்றைக் கலப்பது, ஃபேனை எவ்வளவு வேகத்தில் ஓட்டுவது, முகத்துக்கா காலுக்கா, வெளிக் காற்றா உள்ளேயே சுற்றுவதா என்பதையெல்லாம் வண்டி முடிவு செய்கிறது. அமெரிக்காவின் காடிலாக் நிறுவனம் 1964இல் அறிமுகப்படுத்திய ஏற்பாட்டின் வாரிசுதான் இது. இன்று பெரும்பாலான சாதாரண கார்களில் இருக்கும் இந்தச் சென்சார்களில் ஈரத்தை அளப்பது கிடையாது, உங்கள் முகத்தில் படும் காற்றின் வேகத்தை அளப்பது கிடையாது, பின் சீட்டில் இருப்பது எதுவும் கிடையாது. டென்மார்க்கின் ஆய்வாளர் ஃபாங்கர் 1970இல் வெளியிட்ட நூலில், உடலின் இதத்தை ஆறு காரணிகள் தீர்மானிக்கின்றன என்று காட்டினார்: காற்றின் சூடு, சுற்றிலும் உள்ள பரப்புகள் வீசும் சூடு, காற்றின் வேகம், ஈரப்பதம், உடை, உடல் உழைப்பு. ஆறையும் பொருத்தமாக வைத்தாலும், ஓர் அறையில் இருப்பவர்களில் நூற்றுக்கு ஐந்து பேராவது குறை சொல்வார்கள் என்பதும் அவருடைய கணக்கு. ஒரே ஒரு காரணியை மட்டும் கேட்டு வாங்கும் கருவி எத்தனை பேரைத் திருப்திப்படுத்தும்?

தங்கவயலிலிருந்து கிளம்பும் இரண்டு சாலைகளைப் பார்த்தாலே இந்தக் குறை விளங்கும். 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்ட பிறகு இந்த ஊரின் பிழைப்பு பெரும்பாலும் பெங்களூரில்தான் இருக்கிறது. ஆயிரக்கணக்கானோர் மாரிக்குப்பம் ரயிலில் போய் வருகிறார்கள், முடிந்தவர்கள் காரில் போகிறார்கள். பெங்களூர் ஏறக்குறைய நேர் மேற்கே இருக்கிறது. காலையில் போகும்போது வெயில் முதுகுப் பக்கம். மாலையில் திரும்பும்போதும் வெயில் முதுகுப் பக்கம். பின் கண்ணாடி வழியாக இறங்கும் சாய்ந்த வெயில் பின் சீட்டில் இருப்பவரின் கழுத்தைச் சுடும்போது, முன் கண்ணாடிக்குக் கீழே இருக்கும் சென்சார் கூரை நிழலில் சௌகரியமாக இருக்கிறது. அதைப் பொறுத்தவரை வெயிலே இல்லை. மற்றொரு சாலை கிழக்கே: வி.கோட்டா, பேரணாம்பட்டு மலையிறக்கம், குடியாத்தம், வேலூர், பிறகு சென்னை. மேட்டுநிலத்தின் உலர்ந்த காற்றில் தொடங்கி, வேலூரின் அனலைக் கடந்து, கடலோரப் புழுக்கத்தில் முடியும் பயணம். மூன்று இடத்திலும் திரை 24 என்றே காட்டும். மூன்று இடத்திலும் உடம்பு வேறு வேறாக உணரும். வேலூர் வெயிலில் 24 பரவாயில்லை. கம்ப்ரஸர் முழு மூச்சில் ஓடி, காற்றைக் குளிர்விப்பதோடு ஈரத்தையும் பிழிந்துவிடுகிறது. இக்கட்டு சென்னையின் மழை இரவில்தான். வெளியே 26, கேட்டிருப்பது 24. வித்தியாசம் இரண்டே டிகிரி என்று கருதி வண்டி ஃபேனைத் தணித்து, கம்ப்ரஸரையும் மெதுவாக ஓட்டுகிறது. சூடு இறங்கிவிடுகிறது, ஈரம் தங்கிவிடுகிறது. சட்டை முதுகில் ஒட்டுகிறது, திரையோ எல்லாம் சரி என்கிறது.

24 என்ற எண்ணுக்கு எப்படி இவ்வளவு மவுசு வந்தது என்று ஒருகணம் யோசிக்கலாம். மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு, 2020 ஜனவரி 1 முதல் வீட்டு ஏசிகள் ஆலையிலிருந்து வரும்போதே 24 டிகிரியில் வைக்கப்பட்டிருக்க வேண்டும் என்று விதித்தது. மின்சாரத்தை மிச்சப்படுத்த அது நல்ல விதி. அறையில் சுவர் இருக்கிறது, தலைக்கு மேலே மின்விசிறியும் சுற்றுகிறது. காரில் நான்கு பக்கமும் கண்ணாடி, தலைக்கு மேலே காய்ந்த தகடு. சுரங்கத்தில் பாறை செய்த வேலையைக் கொஞ்சம் குறைந்த அளவில் இந்தத் தகடும் டாஷ்போர்டும் செய்கின்றன. காற்று 24க்கு இறங்கிய பிறகும் வெகுநேரம் அவை உடம்பின் மீது சூட்டை வீசிக்கொண்டே இருக்கின்றன. அறைக்குப் பொருந்திய எண்ணைக் காருக்குள் தூக்கிவந்து, அது ஏன் வேலை செய்யவில்லை என்று குழம்புவதில் பயனில்லை.

நம் மக்கள் பல ஆண்டுகள் பழைய, கையால் திருகும் ஏசியை எப்படிப் பயன்படுத்தினார்கள் என்பதைக் கவனித்தால் ஓர் உண்மை தெரியும். வெப்பநிலைத் திருகை நீலப் பக்கம் கடைசிவரை தள்ளிவிட்டு, அதை அப்புறம் தொடுவதே இல்லை. தொட்டதெல்லாம் ஃபேன் திருகைத்தான். வெயிலில் நாலு, ஊருக்குள் இரண்டு, ராத்திரியில் ஒன்று. காற்றின் வேகத்தை வைத்தே உடம்பைக் கட்டுக்குள் வைத்தார்கள். ஏட்டுப் படிப்பில்லாமல் வந்த பழக்கம் என்றாலும் அதில் பிழையில்லை. வெப்ப நாட்டில் வியர்வையை உலர்த்துவது காற்றின் ஓட்டம். சுரங்க விதி விநாடிக்கு ஒரு மீட்டர் கேட்பதற்குக் காரணமும் அதுவே. அமெரிக்கக் குளிரூட்டுப் பொறியாளர்களின் ஆஷ்ரே அமைப்பும் தன் 55ஆம் தரநிலையில், காற்று வேகமாக ஓடினால் அறையின் வெப்பநிலை கூடுதலாக இருக்கலாம் என்று ஒப்புக்கொள்கிறது. ஆட்டோ ஏசி செய்த முதல் காரியம் இந்தத் திருகை நம் கையிலிருந்து வாங்கியதுதான். வெப்பநிலையை உங்களிடம் கேட்கிறேன், காற்றை நான் பார்த்துக்கொள்கிறேன் என்கிறது அது. நம் உடம்புக்கு வேண்டியது நேர் எதிர். உள்ளே சூடு தணிந்ததும் ஃபேன் தானாக அடங்கிவிடுகிறது. குளிர்நாட்டவருக்கு அது நிம்மதி. நமக்கோ காற்று நின்ற அந்தக் கணமே புழுக்கம் தொடங்குகிறது. உடனே கை தானாக எண்ணைக் குறைக்கப் போகிறது: 22, 20, 18. ஃபேன் மீண்டும் இரைகிறது, பத்து நிமிடத்தில் கை விறைக்கிறது, மீண்டும் 24. காற்று வேண்டும் என்று கேட்க வழியில்லாததால் குளிரைக் கேட்கிறோம். ஆட்டோ ஏசி மீதான புகார்களில் பாதிக்கு மேல் இங்கே பிறப்பவை என்பது என் கணிப்பு.

பொறியாளர்கள் இதற்குச் சொல்லும் மறுமொழி பழையது: கருவியில் தப்பில்லை, பயன்படுத்தத் தெரியவில்லை. ஓரளவுக்கு அது நியாயம். 18 என்று வைத்தால் சீக்கிரம் குளிரும் என்பது தவறான நம்பிக்கை. வெயிலில் காய்ந்த வண்டியில் கருவி ஏற்கெனவே முழு வேகத்தில்தான் ஓடுகிறது. எண்ணைக் குறைப்பதால் அது இன்னும் வேகமெடுக்காது, தேவையைத் தாண்டியும் நிற்காமல் ஓடும், அவ்வளவே. மார்கழிக் காலையில் தங்கவயலில் வெளியே 15 டிகிரி இருக்கும்போது 24 கேட்டால், வண்டி ஹீட்டரைத்தான் திறக்கும். ஏசி சூடாக அடிக்கிறது என்று புகார் கொடுப்பதில் பொருளில்லை. தூறலில் கண்ணாடி உள்பக்கம் பனி பூத்தால், குளிருதே என்று ஏசியை அணைப்பது இன்னொரு தவறு. ஈரத்தைப் பிழிவது ஏசிதான். அதை ஓடவிட்டு, எண்ணை ஏற்றி வைத்தால் உலர்ந்த வெதுவெதுப்பான காற்று வந்து கண்ணாடி தெளியும். டாஷ்போர்டின் நடுவே பிள்ளையாரை ஒட்டி வெயில் சென்சாரை மறைப்பவர்கள் இருக்கிறார்கள். காற்றுக் காலத்தில் தங்கவயலின் சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேடுகளிலிருந்து ஊருக்குள் பறக்கும் தூசி கேபின் ஃபில்டரை அடைத்துக் காற்றைப் பாதியாக்கியிருக்கும். கார் கம்பெனிக்காரன் மீது பழி விழும். இதையெல்லாம் ஒப்புக்கொண்ட பிறகும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. இவ்வளவு பேர் ஒரே மாதிரி தவறு செய்தால், தவறு யாருடையது? ஹீட்டரைத் திறந்திருக்கிறேன் என்றோ, வெளிக் காற்றை அடைத்துவிட்டேன் என்றோ திரையில் ஒரு வரி எழுத எவ்வளவு செலவாகும்? தான் செய்வதைச் சொல்லாத கருவியை யாரும் புரிந்துகொண்டு பயன்படுத்த முடியாது.

வெளிக் காற்றை அடைப்பது சின்ன விஷயமும் அல்ல. சீக்கிரம் குளிர்விக்க வேண்டும் என்று பல வண்டிகள் தாமாகவே உள்காற்றைச் சுற்றவிடுகின்றன. நான்கு பேர் அடைந்திருக்கும் காரில், வெளியே பத்து லட்சத்தில் 420 பங்கு அளவில் இருக்கும் கரியமில வாயு, கொஞ்ச நேரத்தில் சில ஆயிரம் பங்காக ஏறிவிடும். உயிருக்கு ஆபத்தில்லை, தூக்கம் வரும், தலை கனக்கும். நெடுஞ்சாலையில் ஓட்டுநருக்கு அது போதாதா? சுரங்கத்தில் குளிர்ந்த காற்றும் புதிய காற்றும் ஒன்றையொன்று பிரியாமல் வந்தன. வெடி வைத்த புகையைத் துரத்தாமல் அடுத்த ஷிஃப்டை இறக்க முடியாது என்பதால் யாரும் அதை மறக்கவில்லை. காரில்தான் குளிர் வேறு, காற்று வேறு என்று பிரித்துவிட்டோம்.

சென்சார்கள் வளர்ந்துவருகின்றன, ஈரத்தை அளப்பவையும் பயணியின் தோல் சூட்டை எட்ட நின்றே அளப்பவையும் விலையுயர்ந்த கார்களில் வந்துவிட்டன, நாளை எல்லா வண்டிக்கும் வரும் என்பது இன்னொரு வாதம். வரட்டும், நல்லதுதான். ஆனால் சுரங்கம் காட்டியது, அளவைகள் கூடக் கூடத் தீர்மானிக்கும் மனிதரின் பங்கு குறையவில்லை என்பதை. ஃபாங்கர் சொன்ன அந்த நூற்றுக்கு ஐந்து பேர் எந்தச் சென்சாருக்கும் அகப்படமாட்டார்கள். நேற்று காய்ச்சலில் கிடந்தவர், பட்டுப்புடவையில் கல்யாணத்துக்குப் போகிறவர், ஓடிவந்து வண்டியில் ஏறிய பையன் ஆகியோரின் தேவையை அவர்களேதான் சொல்ல வேண்டும். சொல்வதற்கு ஒரு திருகு வேண்டும்.

திருகையும் இப்போது பிடுங்கிக்கொண்டார்கள் என்பதுதான் கூடுதல் வேதனை. ஃபேனும் வெப்பநிலையும் தொடுதிரைக்குள் போய்விட்டன. ஓட்டுநர் அடிக்கடி திருகிக்கொண்டிருந்தால் கவனம் சிதறும், ஆகவே தானியங்குவதே பாதுகாப்பு என்று இதற்கு நியாயம் சொல்கிறார்கள். கருவி ஒழுங்காக ஊகித்தால் இது சரிதான். ஊகம் தவறும்போது திரையைத் துழாவ வேண்டியிருப்பதால் கவனம் முன்பைவிடச் சிதறுகிறது. ஸ்வீடனின் வி பிலேகரே என்ற கார் பத்திரிகை 2022இல் ஒரு சோதனை நடத்தியது. மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டே, வெப்பநிலையை இரண்டு டிகிரி கூட்டுவது உட்படச் சில எளிய வேலைகளை ஓட்டுநர் செய்ய வேண்டும். பொத்தான்கள் கொண்ட 2005ஆம் ஆண்டு வால்வோ காரில் அவை 10 விநாடியில் முடிந்தன. தொடுதிரை கொண்ட ஒரு புதிய காரில் 44 விநாடிக்கு மேல் ஆயின. ஐரோப்பாவின் கார் பாதுகாப்பு மதிப்பீட்டு அமைப்பு 2026 முதல் முழு மதிப்பெண்ணுக்குச் சில பொத்தான்களைக் கட்டாயமாகக் கேட்கிறது: இண்டிகேட்டர், ஹாரன், வைப்பர், அபாய விளக்கு, அவசர அழைப்பு. ஏசி அந்தப் பட்டியலில் இல்லை. நம் ஊர் வெயிலை நினைத்து எழுதப்பட்ட பட்டியல் அல்ல அது.

தங்கத்துக்காகப் பாறைக்குள் வெந்தவர்களின் பாட்டைக் கார் வைத்திருப்பவரின் சிணுங்கலோடு சேர்த்துப் பேசலாமா என்று கேட்பவர்கள் இருக்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். துன்பத்தை யாரும் ஒப்பிடவில்லை. தகரமும் தட்டியுமான லைன் வீட்டில் தூங்கி, சுரங்கக் கூண்டில் இறங்கி, நுரையீரலைப் பறிகொடுத்தவர்களுக்குக் காற்றைக் கூட்டவோ குறைக்கவோ எந்தத் திருகும் கையில் இல்லை. அவர்கள் உடம்பை வைத்துக் கிடைத்த அறிவு பழைய ஆவணங்களில் தூங்குவதைவிட, இன்று வெயிலில் வேலை பார்ப்பவர்களுக்குப் பயன்பட்டால் நல்லது. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினில் ஏசி கட்டாயம் என்று மத்திய அரசு விதித்திருக்கிறது. நாளெல்லாம் அதற்குள்ளேயே உட்கார்ந்து பிழைப்பவருக்கு ஈரமும் காற்றோட்டமும் வசதி சார்ந்த விஷயங்கள் அல்ல. தங்கவயலிலேயே பெம்ல் நிறுவனத்தின் ஆலை மண்வாரி இயந்திரங்களைச் செய்கிறது. அவற்றின் ஓட்டுநர் அறைக்கும் இதே கணக்குதான்.

ஆட்டோ ஏசியே வேண்டாம் என்பதல்ல என் கட்சி. சமவெளியிலிருந்து மலை ஏறும்போதும், மாலை மங்கி வெளிச்சூடு தணியும்போதும், கூட்டிக் குறைக்கும் தொல்லையை அது மிச்சப்படுத்துகிறது. வேண்டியது மூன்று மாற்றங்கள். ஃபேனைத் தொட்டால் மொத்தமும் ஆட்டோவிலிருந்து விலகிவிடாமல், காற்று என் விருப்பம், வெப்பநிலை உன் பொறுப்பு என்று பங்கு பிரித்துக்கொள்ளும் ஏற்பாடு. சில வண்டிகளில் இது இருக்கிறது, எல்லாவற்றிலும் இருக்க வேண்டும். திரையில் வெப்பநிலைக்குப் பக்கத்தில் ஈரப்பதம். பார்க்காமலே கைக்கு எட்டும் ஃபேன் திருகு ஒன்று. அதுவரை, வெயிலில் நின்ற வண்டியில் ஏறியதும் கண்ணாடிகளை இறக்கிச் சற்றுத் தூரம் ஓட்டி அனலை வெளியேற்றுங்கள். எண்ணை 25க்கு அருகில் விட்டுவிட்டு ஃபேனை மட்டும் கையால் வைத்துக்கொள்ளுங்கள். நீண்ட பயணத்தில் அவ்வப்போது வெளிக் காற்றைத் திறந்துவிடுங்கள். புதிய கார் வாங்கப் போகிறவர்கள் டெஸ்ட் டிரைவுக்குக் காலை ஏழு மணியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். நடுப்பகலில் போங்கள், கொஞ்ச நேரம் பின் சீட்டில் உட்காருங்கள், ஓடும் வண்டியில் கண்ணைச் சாலையிலிருந்து எடுக்காமல் ஃபேனைக் குறைக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால், அதை ஷோரூமிலேயே சொல்லிவிட்டு வாருங்கள்.